மூன்றாவது பள்ளம்

திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாலும்
முள் அசையத் தயங்கும் காந்தம் இது.

உள்ளே யாருமில்லை என்றல்ல.
இரும்பணு ஒன்று ஒரு பக்கம் நிமிர,
அடுத்தது அதற்கு நேரெதிர்.
கூட்டினால் சுழி.
சரியாகச் சுழியுமல்ல:
எல்லாம் ஒரு பாகைக்கும் குறைவாக
ஒரே பக்கம் சாய்ந்திருப்பதில்
துளி மிச்சம் நிற்கிறது.

இதை ஊருக்கு உவமையாக்குவதில்லை என்று
எனக்கும் றிஸ்மியாவுக்கும் ஒப்பந்தம்.
எதிரெதிர் நின்று ஒன்றையொன்று கழிப்பது
படிகத்தின் காரியம்.
அவளுக்கு நாலரைக்குக் கிண்ணியா பஸ்.

படிகத்தின் மேல் பொன் வளையங்கள்.
வளையம் என்பது பேச்சுக்கு;
ஒவ்வொன்றும் ஒரு ப,
ஒரு பக்கம் வாய் திறந்து,
தலைமயிரின் தடிப்புக்குள் அடங்கும்.
பல்லாயிரம் ப, வரி வரியாக,
வேறெழுத்தே இல்லாத ஒரு தாள்.
பொதியைப் பிரித்த சுங்க அதிகாரி கேட்டார்,
தங்கம் எத்தனை பவுண்?
தும்மிவிடாதீர்கள் ஐயா என்றாள் றிஸ்மியா.

அலை வந்து ப-வுக்குள் இறங்கினால்
பொன்னில் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடும்,
நொடிக்கு ஐம்பதாயிரம் கோடி தரம்.
அந்த ஓட்டம் எழுப்பும் காந்தப்புலம்
கீழே இரும்பைத் தொடும்.
இரும்புக்கும் ஏறக்குறைய அதே துடிப்பு.
ஏறக்குறைய.
எங்கள் வேலை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்.

அடியில் சூடாக்கி. ஒரு பாகை, காத்திரு, ஒரு பாகை.
சூடேற ஏற இரும்பின் துடிப்பு தளர்ந்து கீழிறங்கும்;
பொன் இருந்த இடத்திலேயே.
திரையில் இரண்டு பள்ளங்கள் நெருங்குகின்றன.
இந்தா, முட்டப்போகிறது என்ற இடத்தில்
முட்டாமல் வளைகின்றன.
வளைந்து விலகும்போது
இரும்பாய் வந்தது பொன்னாய்ப் போகிறது,
பொன்னாய் வந்தது இரும்பாய்.
நடுவில், மிக அருகில்,
எது எது என்று கேட்பதற்கில்லை.

நவம்பர் பதினேழு, பின்னேரம்
மூன்றாவது பள்ளம் தெரிந்தது.
ஒடுக்கமாய், ஆழமாய், சூட்டுக்கு அசையாமல்.
எங்கள் கணக்கில் இல்லாதது.
றிஸ்மியா பஸ்ஸை விட்டுவிட்டு
தம்பியை மோட்டார்சைக்கிளோடு வரச்சொன்னாள்.
நிலாவெளி வீதிக் கடையில் கொத்து வாங்கி
கணினிக்குப் பக்கத்தில் வைத்துத் தின்றோம்.
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தோம்,
மூன்று தலைப்பு.

உப்புவெளியில், விடியப்புறம்
விழிப்பு ஓர் எண்ணோடு வந்தது.
சைபர் தசம் ஐந்து ஐந்து ஏழு.
நீராவி.
இந்த அலைவரிசைக்கு வரும் எவரும்
முதல் வாரமே மனப்பாடம் செய்யும் எண்.

ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன்.
பொலித்தீன் கூடாரத்தின் ஒரு மூலையில்
ஒட்டுநாடா ஈரத்தில் உரிந்து தொங்கியது.
உலர்ந்த நைதரசன் அந்த வழியே போக
அந்த வழியே வாடை வந்திருக்கிறது.
கோணேசபுரிக் கடல்,
வீதியைக் கடந்து,
காவலாளியிடம் கையெழுத்துப் போடாமல்
கருவிக்குள் வந்து நின்று
தன் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறது.

நாங்கள்தான் கேட்கவில்லை.

பாலம் தாண்டி வந்தவளிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.
பிறகு சிரிப்பு:
கொத்துக்காசு யார் தருவது, கடலா?

புது நாடா ஒட்டினோம்.
மூன்றாவது பள்ளம் தூர்ந்துகொண்டே வந்து
நண்பகலில் இல்லை.
மற்ற இரண்டும் இருந்தன,
அதே இடைவெளியில், தொடாமல்.
அளந்தோம். எதிர்பார்த்ததைவிடச் சிறிது.
வழுவைக் கழித்தாலும் மிஞ்சுகிறது,
அது போதும்.

பிறகு சிலிண்டர் முடிந்தது.
அடுத்தது ஹபரணையில், பழுதான லொறிக்குள் நிற்கிறதாம்.

அன்றைய கோப்பை அழிக்கவில்லை.
கடல் என்றே பெயரிட்டு வைத்திருக்கிறோம்.
லொறிக்குக் காத்திருக்கையில் திறந்து பார்ப்பேன்:
கீழே இரண்டு கோடுகள்
ஒன்றுக்கொன்று வளைந்து கொடுக்க,
மேலே ஒன்று,
நேராக,
எங்கள் சூட்டைக் கேள்விப்படாததுபோல்.